பூச்சியம் என்று நான் எழுதியவர்

"மறியல்ல கிடக்கிற கிழவனுகள்ற மனச அளக்கப் போறியா? மனசெண்டு ஒண்டு இருந்தா அவனுகள் ஏன் புள்ள உள்ளுக்குப் போறானுகள்?"

வாப்பா இதைக் கேட்டபோது வாசற்படியில் குந்தியிருந்து, உப்பு அரித்த குதிகாலைப் பழைய பிளேடால் சீவிக்கொண்டிருந்தார். உப்பளத்தில் பல வருடம் நின்ற கால்கள். சீவிய தோலைக் கோழிகளுக்கு எறிந்துவிட்டுத் தான் சொன்னதற்குத் தானே சிரித்தார்.

என் கையில் வேலைக் கடிதம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் அப்படியொரு கடிதம் வாங்கிய முதல் ஆள் நான். அதை வாசிக்கத் தெரிந்த முதல் ஆளும் நான்தான். உம்மா கைநாட்டு. வாப்பாவுக்கு லொறிகளின் இலக்கத்தகட்டை வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். யுத்தத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு ஒரு பையோடு வந்து தில்லையடியில் ஓலைக் கொட்டில் போட்டவர்கள் அவர்கள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது உம்மா. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது வாப்பா ஒருநாள் என் புத்தகங்களை அடுப்புக்குள் போட்டார். உம்மா நெருப்புக்குள் கையை விட்டு அவற்றை வெளியே இழுத்தார். அந்தக் கைக்கு விறகுக் கட்டையால் அடி விழுந்தது. இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்குவதில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டி, "எப்பிடி ராத்தா சுகம்?" என்று கேட்டாள். கையைத் துணியால் சுற்றிக்கொண்டு நின்ற உம்மா, "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்ல" என்றார்.

பல்கலைக்கழகக் குழு ஒன்று, நாங்கள் மறியல் என்று சொல்லும் சிறைகளில் இருக்கும் அறுபது வயதைத் தாண்டியவர்களின் மனநிலையை அளந்துகொண்டிருந்தது. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இந்தக் கரையோரத்துக் கைதிகளில் தமிழ் பேசுபவர்கள் பலர். குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவருமில்லை. அதனால் என்னை எடுத்தார்கள். எந்தச் சிறை என்று எழுதப்போவதில்லை. குழுவின் தலைவி கொழும்பிலிருந்து வந்த மனநல வைத்தியர், சிங்களவர். என்னை "நங்கி", தங்கச்சி, என்று கூப்பிடுவார்.

படிவத்தில் இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஒவ்வொரு 'ஆம்' இற்கும் ஒரு புள்ளி. புள்ளி கூடினால் வைத்தியர் நேரில் பார்ப்பார், மருந்து கொடுப்பார். கேள்வியை எழுதியபடி கேட்க வேண்டும், பதிலைச் சொன்னபடி குறிக்க வேண்டும், என் அபிப்பிராயத்தைச் சேர்க்கக் கூடாது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் ஒரு கேள்வியை முழுதாகக் கேட்டதில்லை.

முதல் நாள் முற்றத்தைக் கடக்கும்போதே தண்ணீர்த் தொட்டியடியில் ஓர் இளைஞன் வயதானவர் ஒருவரை அலுமினியத் தட்டால் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு கோப்பைத் தண்ணீர் கூடுதலாக அள்ளிவிட்டாராம். தட்டின் விளிம்பு நெற்றியில் படும்போது ஒரு சத்தம், தட்டையாகப் படும்போது வேறொரு சத்தம். வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டு அசையவில்லை. காவலர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வாங்க மிஸ், வெயில்" என்றார். நானும் போனேன். அடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடப்பது எனக்குப் பழக்கமானதுதான்.

அங்கே வயதானவர்களுக்கு இரண்டு இடங்கள் இருந்தன. மருந்து கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஜன்னலோடு ஒரு சின்ன அறை. நோயாளிகளும் பலவீனமானவர்களும் அதில் இருந்தார்கள். மற்றது பெரிய கூடம். அங்கே ஆள்மேல் ஆள், முறை வைத்துத்தான் படுப்பார்கள். கூடத்தை நடத்தும் தலைவன் ஒரு கைதி, முப்பது வயதுக்காரன், சிலாபம் பக்கத்தவன். இரண்டு மொழியும் பேசுவான். உத்தியோகத்தர்கள் அவனையே எனக்கு உதவிக்கு விட்டார்கள். நான் கேள்வி கேட்கும் அறைக்குத் தேநீர்க் கேத்தலோடு வந்து கதவில் சாய்ந்து நிற்பான். என் பாதுகாப்புக்காம்.

மூன்றாம் நாள் ஒரு முதியவரைக் கூட்டிவந்தார்கள். எழுபதைத் தாண்டியவர், சின்ன அறையில் இருப்பவர். இடது காதிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கற்பிட்டிப் பக்கத்துக் கரைவலைக்காரர். கரைவலையை இறக்கி இழுக்கக் கடற்கரையில் ஆளுக்கொரு இடம் உண்டு, பாடு என்பார்கள். அந்தப் பாடு யாருக்கு என்று வந்த சண்டையில் சொந்தத் தம்பியைத் துடுப்பால் அடித்துக் கொன்றிருக்கிறார். கோப்பில் ஒரு வரியில் இருந்ததை அவரே எனக்குச் சொன்னார்: "ஒரு அடி அடிச்சன். அவன் விழல்ல. ரெண்டாவது அடிக்கு முன்னுக்கு நான் யோசிச்சிருக்கோணும். யோசிக்கல்ல."

பிறகு என் படிவங்களைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, மாப்பிள்ள பேச வந்த மாதிரி கடதாசியெல்லாம் அடுக்கி வெச்சிருக்கிற?" என்றார்.

"உங்களுக்கு ஒரு பொண்ணு பாக்கட்டுமா அப்பா?" என்றேன். எங்கள் பேச்சில் பாட்டன் வயதுக்காரரை அப்பா என்போம்.

பல் தெரியச் சிரித்தார். கதவில் நின்றவன், "கெழவன் பகிடிக்காரன் மிஸ், கவனம்" என்றான். குழாயைப் பூட்டியதுபோலச் சிரிப்பு நின்றது.

நான் முதலாவது கேள்வியை எழுதியிருந்தபடி வாசித்தேன். "கடந்த ஒரு வாரத்தில் மனம் சோர்ந்திருந்தீர்களா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"ஆமா, இல்லையா அப்பா?"

"குறையில்ல மகள்."

இல்லை என்று குறித்தேன்.

"நித்திரை வராமல் கஷ்டப்படுகிறீர்களா?"

"அல்லாஹ் தாற நித்திர வரும்."

இல்லை.

"செத்துப்போனால் நல்லது என்று நினைத்தீர்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல வீட்டுப் புள்ள, இதெல்லாம் கேக்கலாமா? மௌத்த நாம தேடப்படாது. அல்ஹம்துலில்லாஹ் எண்டு எழுது."

அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. இல்லை என்று குறித்தேன். இருபது கேள்விக்கும் பூச்சியம். கீழே என் கையெழுத்தை வைத்தேன். காதில் வடிந்த நீரைப் பார்த்தேன்தான். காதைப் பற்றிய கேள்வி எதுவும் இல்லை.

அந்த வாரம் நான் கண்ட முதியவர்களில் பெரும்பாலானோர் பூச்சியம் அல்லது ஒன்று. மாம்புரிப் பக்கத்துக் கத்தோலிக்க மீனவர் ஒருவர்கூட, "மாதா நல்லா வெச்சிருக்கிறா" என்று முடித்துக்கொண்டார். வைத்தியர் தாள்களைப் புரட்டிவிட்டு, "உங்கள் ஆட்களுக்கு நல்ல மனத்தைரியம், நங்கி" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது சின்ன அறையில் பல முகங்கள் புதியவை. பொறுப்பாயிருந்த உத்தியோகத்தரிடம் கேட்டேன். அவர் மகிழ்ச்சியாகச் சொன்னார்: "இடம் காணாது மிஸ். உங்கட லிஸ்டில ஒரு கொப்பி எடுத்தோம். பூச்சியம் எடுத்த ஆக்களக் கூடத்துக்கு மாத்தினோம். லேசாப் போச்சு."

அந்தப் பட்டியல் வைத்தியருக்கு மட்டுமே உரியது. அது எப்படி இவர் கைக்குப் போனது என்று பிறகு கேட்கலாம். கூடத்தின் கம்பிக் கதவுக்கு நடந்தேன்.

உள்ளே வியர்வையும் மூத்திரமும் கலந்த சூடு முகத்தில் அறைந்தது. மலகூடப் பக்கத்துச் சுவரோடு அவர் குந்தியிருந்தார். முன்பற்கள் இரண்டு இல்லை. வலது கை விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்தக் கையாலேயே கூடத்துத் தலைவனின் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அழுத்தம் போதாதபோது அவன் மற்றக் காலால் அவருடைய நெஞ்சில் உதைத்தான். பின்னால் சாய்ந்தவர் எழுந்து வந்து மறுபடி பிடித்தார். ஒருமுறை என்னைக் கண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான்தான் அவரை அங்கே அனுப்பினேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வைத்தியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். பட்டியல் போன விதம் கேட்டு அவர் கோபப்பட்டார், உத்தியோகத்தருக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "ஆனால் படிவத்தில் எங்கே பிழை? நீ கேட்டாய், அவர் சொன்னார். பிழை என்றால் எனக்குக் காட்டு."

இருபது கேள்வியையும் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்; எல்லாம் அவர் சொன்னபடிதான் குறித்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தேன். வாப்பா இல்லை. உம்மாவின் வலது கண் மூடிப்போய் ஊதா நிறத்தில் இருந்தது. மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். எனக்கு என்ன வந்ததோ, பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"உம்மா, கடந்த ஒரு வாரத்தில் மனம் சோர்ந்திருந்தீங்களா?"

"என்ன விசர்க் கேள்வி? அல்ஹம்துலில்லாஹ்."

இருபதையும் கேட்டேன். ஒற்றைக் கண்ணால் மீனைப் பார்த்தபடியே இருபதுக்கும் பதில் சொன்னார். கூட்டிப் பார்த்தேன். என் உம்மாவுக்கும் பூச்சியம்.

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் பாத்திரம் உடைந்தது. பெண் குரல் கத்தியது. உம்மா மீன் கத்தியைப் போட்டுவிட்டு விளக்குமாறோடு வேலியடிக்கு ஓடினார்.

"அடேய், அவள்ற மேல கை வெச்சியெண்டா நான் பள்ளிவாசலுக்கு வந்து சாட்சி சொல்லுவன்! மூணு நாளா அவள் சோறு தின்னல்ல. நித்திரையில்ல. கிணத்தடியில நிண்டு கிணத்தையே பாக்கிறாள். அவள் விழுந்தாளெண்டா உன்ன நான் விடமாட்டன்டா!"

"உங்கட கண்ணப் பாத்துக்கோங்க ராத்தா முதல்ல!" என்று அந்த ஆள் உள்ளேயிருந்து கத்தினான்.

"என்ட கண்ணுக்கு என்னடா? என்ட கண் நல்லாத்தான் இருக்கு!"

நான் எழுந்துவிட்டேன். நித்திரையில்லை, சாப்பாடில்லை, சாக நினைக்கிறாள். என் படிவம் கேட்ட அத்தனையும் உம்மாவின் வாயிலிருந்து வந்திருந்தது. தனக்கு வந்ததைச் சொன்னால் அது அல்லாஹ்வின் மீது முறைப்பாடு, சபுர் இல்லாத, பொறுமை இல்லாத தன்மை. இன்னொருத்திக்கு வந்ததைச் சொல்லாவிட்டால் அது சாட்சியை மறைத்த குற்றம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் வளர்ந்தேன். பெரிய படிப்புப் படித்த எனக்கு இது நினைவுக்கு வரவில்லை. கட்டத்தைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டேன்: ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றி அல்ல, பக்கத்துப் பாயில் படுப்பவரைப் பற்றிக் கேட்கலாமா? படிவத்தில் சேர்க்க முடியாது, தனித் தாளில் எழுது என்றார்.

அன்றே, கூடத்துக்கு மாற்றப்பட்டவர்களில் முதலில் அந்தக் கரைவலைக்காரரைத்தான் கேட்டேன். தலைவன் வெளியே நிற்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், உத்தியோகத்தர் ஒப்பவில்லை. அவன் வழக்கம்போலக் கேத்தலை வைத்துவிட்டுக் கதவில் சாய்ந்தான்.

"அப்பா, உங்களப் பத்திக் கேக்க வரல்ல. உங்களுக்குப் பக்கத்துப் பாயில படுக்கிறவர் எப்பிடி இருக்கிறார்?"

வீங்கிய கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"சாட்சியா கேக்கிறியா?"

"ஓம் அப்பா. சாட்சியா."

"எண்டா எழுது. அவன் கனமூலை ஊர்க்காரன். தோட்டக்காரன். ராவு பகல் நித்திர இல்ல. சுவர்ல தலைய இடிக்கிறான். சோறு வாங்கினா கையில வெச்சிட்டு இருக்கிறான், தின்ன மறந்துபோறான். சாரத்தக் கிழிச்சுக் கயிறு திரிச்சு வெச்சிருந்தான். நான்தான் பறிச்சு மலகூடத்துல போட்டன். இன்னொண்டு திரிப்பான்."

"அவருக்கு ஆர் அடிக்கிற?"

மூச்சை இழுத்து, தாடையைக் கதவுப் பக்கம் நீட்டினார். "இந்தா நிக்கிறானே. இவன்தான்."

அவன் சத்தம் போடவில்லை. இரண்டு எட்டில் உள்ளே வந்து கேத்தலைத் தூக்கி அவருடைய தலையில் அடித்தான். மூடி பறந்தது. கொதித்த தேநீர் அவருடைய கழுத்திலும் என் கையிலும் கொட்டியது. இரண்டாவது அடி தாடையில். கதிரையோடு சரிந்தவரை அவன் மிதிக்கத் தொடங்கினான், நெஞ்சில், வயிற்றில், ஏற்கெனவே வீங்கியிருந்த கையில். விரல் எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. நான் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் இடித்தான், என் உதடு பிளந்தது. கத்தினேன். ஓடிவந்த காவலர் பொல்லை ஓங்கினார். முதல் அடி கீழே கிடந்தவருக்குத்தான் விழுந்தது. இரண்டாவதும் அவருக்குத்தான். பிறகுதான் யாரை அடிக்க வேண்டும் என்று அவருக்கு விளங்கியது.

நான் தரையில் மண்டியிட்டு என் முந்தானையால் அவருடைய தலையை அழுத்திப் பிடித்தேன். துணியைத் தாண்டி இரத்தம் வந்துகொண்டேயிருந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"எழுதினியா?"

"எழுதினேன் அப்பா."

ஆஸ்பத்திரி வண்டி போன பிறகு உத்தியோகத்தர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதிரை தந்தார், தண்ணீர் தந்தார், ஒரு தாளை நீட்டினார். "சும்மா ஒரு பதிவுக்கு மிஸ். இதில ஒரு கையெழுத்து." சிங்களத்தில் எழுதியிருந்தது. தில்லையடிப் பெண்ணுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. முதியவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததை நான் கண்டேனாம். தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"அவர் குளியலறையில இருக்கல்ல. எனக்கு முன்னால இருந்தார்."

அவர் சிரித்தார். "அப்ப உங்கட பூச்சியம்? அந்த ஆளுக்கு ஒரு பிரச்சினையுமில்ல எண்டு கையெழுத்து வெச்சது நீங்கதானே? அது எங்கள்ட்ட இருக்கு. காயம் ஆறினா அவர் கூடத்துக்குத்தான் திரும்ப வருவார். நீங்க சொன்ன ஆள்தானே மிஸ், நல்ல மனநிலை."

ஆஸ்பத்திரியில் என் உதட்டில் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது வைத்தியர் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். எதையும் மறைக்காமல் சொன்னார். "உன் பூச்சியம் பிழை என்று நீ சொன்னால், நீ நிரப்பிய எந்தப் படிவத்தையும் என்னால் பயன்படுத்த முடியாது. எல்லாம் போகும். பணம் தருபவர்கள் உன்னை வைத்திருக்கவும் மாட்டார்கள். நீ சொல்லாவிட்டால், அவர் அங்கே திரும்பிப் போவதைத் தடுக்க என்னிடம் ஒரு தாளும் இல்லை." பிறகு, "காயங்களை நான் பார்த்தேன். அதை நான் எழுதுவேன், நங்கி. மற்றது உன்னுடையது" என்றார்.

முதியவர் கிடந்த ஆஸ்பத்திரி விடுதிக்குப் போனேன். கட்டிலின் கம்பியோடு அவருடைய காலில் சங்கிலி. தாடையைச் சுற்றிக் கட்டு; பேச முடியாது. வியாழக்கிழமை துண்டு வெட்டித் திருப்பி அனுப்புவார்கள் என்று தாதி சொன்னாள். வியாழன் என்றால் மூன்று நாள். மறுபடி அந்த மலகூடச் சுவர். இம்முறை அவன் முடித்துவிடுவான். அது அவருக்கும் தெரிந்திருந்தது. நான் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இனி அப்படிக் கேட்கமாட்டேன்.

ஆஸ்பத்திரிப் பொலிசாரிடம் அன்றே வாக்குமூலம் கொடுத்தேன். கேத்தலைப் பற்றி, கதவில் நின்றவனைப் பற்றி, பொல்லின் முதல் இரண்டு அடியைப் பற்றி.

செய்தி எங்கள் வீட்டுக்கு எனக்கு முன்னால் போய்விட்டது. உப்பளத்துக்கு யாரோ இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து வாப்பாவிடம், உன் மகளின் வாயைத் தைத்தது காணாதா என்று கேட்டிருக்கிறார்கள். வாப்பா வந்ததும் என் கன்னத்தில் அறைந்தார். தையல் ஒன்று விட்டுப்போனது. "கொலகாரனுக்காகக் கோட்டுக்கு ஏறப் போறியா? உன்ன வெட்டிப் போட்டா ஆர் வந்து கேக்கிற?" பிறகு போய் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். அவர் அந்தக் கதவைப் பூட்டியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பயந்திருந்தார். நானும்தான்.

புதன்கிழமை காலை ஒரு சட்டத்தரணி எழுதித் தந்த சத்தியக்கடதாசியோடு நீதவான் நீதிமன்றத்துக்குப் போனேன். முதலாவது வரியை மட்டும் நானே சொல்லி எழுத வைத்தேன்: இவருக்குப் பூச்சியம் என்று நான் குறித்தது பிழை.

"பிழை யாருடையது?" என்று நீதவான் கேட்டார்.

"என்னுடையது. கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்டேன்." பிறகு விளக்கினேன். எங்கள் மனிதர்கள் தங்கள் நோவைச் சொல்லமாட்டார்கள், அடுத்தவருடையதைச் சொல்வார்கள் என்று. நீதிமன்றத்துக்கு வந்திருந்த சிறை உத்தியோகத்தருக்குப் பின்னால் இருந்த யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. வைத்தியரின் அறிக்கையையும் வாசித்தார். விசாரணை முடியும்வரை முதியவரை அந்தச் சிறைக்கே அனுப்பக் கூடாது, வேறிடத்துச் சிறை மருத்துவமனையில் வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார்.

வெளியே வந்தபோது வைத்தியரின் குறுஞ்செய்தி தொலைபேசியில் இருந்தது. என் வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. மன்னிக்கச் சொல்லியிருந்தார். வேலைக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அது என்னுடைய பெயருக்கு வந்தது.

கனமூலைக்காரர் இன்னும் கூடத்தில்தான் இருந்தார். பக்கத்துப் பாயும் இப்போது வெறுமை; கயிற்றைப் பறிக்க ஆளில்லை. அவரைப் பற்றி முதியவர் சொன்னதை எழுதிய தாள் என் பையில் இருந்தது, ஒரு மூலையில் தேநீர்க் கறையும் இரத்தமும் காய்ந்து. பஸ் தரிப்பிடத்துக்குப் போகவில்லை. திரும்பி நீதிமன்றப் படியேறி, சட்டத்தரணியின் மேசைக்குப் போய், "இன்னொரு சத்தியக்கடதாசி எழுத வேணும்" என்றேன். மதிய இடைவேளைக்கு முன்னால் கையெழுத்திட்டு உள்ளே கொடுத்துவிட்டேன்.